கட்டிலை நகர்த்திப் போடுங்கள்

அக்டோபர் 9, வியாழன்

கெசியாவின் அறைச் சுவரில் மறுபடியும் ஓதம். போன மழையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் இருந்தது. இப்போது அலமாரி வரைக்கும் படர்ந்துவிட்டது. கையை வைத்தால் சுண்ணாம்பு ஈரமாவு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து அவளுடைய இயற்பியல் புத்தகத்தின் மேல் கிடந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள். சிறுவயதிலிருந்தே இளைப்பு. அந்த வாடையில்தான் படுத்து எழுந்திருக்கிறாள்.

என்னோடு பஞ்சாலையின் நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் சுகந்தியின் கணவர் வக்கீல். அவரிடம் கேட்டு வந்து சொன்னாள். கட்டடத்தின் அமைப்பு, சுவருக்குள் ஓடுகிற குழாய், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பாம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பாம். சண்டை என்று வந்தால் நாம் எப்போது சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்பது தேதியோடு இருக்க வேண்டும் என்றாராம். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் விட்ட டைரி எழுதும் பழக்கத்தை மறுபடி ஆரம்பிக்கிறேன்.

வீட்டுக்காரர் நஞ்சப்பன் எங்கள் தலைக்கு மேலே மாடியில்தான் இருக்கிறார். நாளைக்கு விடப்போவதில்லை.

இரவு சமையலுக்குக் கோதுமை தோசை. என் கணவர் ஐசக் பம்பு கம்பெனி வேலையாக வெளியூரில். பாளையங்கோட்டையில் அப்பா எனக்கு விட்டுப்போன வீட்டில் குடியிருக்கிற பகவதி இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். வேலை நேரம். எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

நேற்று ஆள் கிடைக்கவில்லை. இன்று காலையில் நஞ்சப்பன் மாடிப்படியில் இறங்கும்போது பிடித்துவிட்டேன். பால் பாத்திரத்தோடு நின்றார்.

“ஏனுங் அம்மிணி, மழைக்காலத்துல செவுரு ஊறறது சகஜந்தானுங்க. பழைய கட்டடம். எங்க மேல் வீட்லயும் அப்படித்தான் இருக்குது.”

“பாப்பாவுக்கு இளைப்பு இருக்குங்கண்ணா. அந்த ரூமுலதான் படுக்கிறா.”

“தெரியுமுங்க. தீவாளி போகட்டுமுங்க. இப்பப் போயிக் கூப்பிட்டா எந்த ஆளும் வரமாட்டான். அதுவரைக்கும் கட்டலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நகத்திப் போட்டுக்கோங்க.”

சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார். கட்டிலை நகர்த்திப் போடுவதாம்! வந்து ஒரு எட்டு எட்டிப்பார்க்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தவறக்கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முழுக்க கெசியா இருமிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மதிய இடைவேளையில் பகவதியைக் கூப்பிட்டேன். நல்ல பெண். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள், கணவர் சுடலைமுத்து பேருந்து நடத்துநர். ஐந்து வயதில் உலகு என்று ஒரு பெண் குழந்தை. எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. நல்ல பெண்தான், ஆனால் ஒன்றை ஆரம்பித்தால் விடமாட்டாள்.

“அக்கா, சொகமா இருக்கியளா? ஒண்ணுமில்லக்கா, பெட்ரூமு சீலிங்குல கீறல் விழுந்து கெடக்கு. மின்ன சின்னதா இருந்துச்சு. இப்ப ராத்திரி படுத்தா மண்ணு மண்ணா உதுருது. உலகு கண்ணுல விழுந்துட்டு.”

“பழைய வீடுல்லா பகவதி, அப்படித்தான் இருக்கும். கிறிஸ்மஸ் லீவுக்கு வருவோம். அப்ப பாத்துக்கிடலாம்.”

“மழ வேற வரப்போவுதுக்கா.”

“அதுவர கட்டில அந்தப் பக்கமா நகத்திப் போட்டுக்கிடுங்க.”

சரிக்கா என்றாள். இதற்குமேல் இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? எனக்கே இங்கே ஆயிரம் தலைவலி.

சுகந்தி கொண்டுவந்த வத்தக்குழம்பு நன்றாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

விடிந்ததிலிருந்து மழை. காலையில் கெசியாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு வெளுத்துப் போனது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். முகமூடி மாட்டிப் புகை மருந்து பிடித்த பிறகுதான் சரியானாள். டாக்டர் கேட்டார், “வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா?”

திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் நின்று கத்திவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்றார்கள். கூச்சமே இல்லை.

“உங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படி விடுவீங்களா? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. குடியிருக்கிறவங்கன்னா மனுசங்க இல்லையா?”

நஞ்சப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார். நேராக கெசியாவின் அறைக்குப் போனார். சுவரைத் தொட்டார். விரலை முகர்ந்தார். வெளியே வந்து கெசியாவிடம், “கண்ணு, இப்பப் பரவால்லியா?” என்று கேட்டார்.

பிறகு என்னிடம், “புதங்கெழம ஆளோட வர்றனுங்க” என்றார்.

கெசியாவை எங்கள் அறையில் படுக்கவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

சொன்னபடி வந்துவிட்டார், குழாய்க்காரரோடும் கொத்தனாரோடும். அரை நாள் விடுப்பு எடுத்தேன். மாடிக் குளியலறைத் தரையை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே குழாய் இணைப்பில் கசிவு இருந்தது. நான் நினைத்ததுதான்! முகத்துக்கு நேரே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொத்தனார் வெளிப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு நஞ்சப்பனைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

போன சித்திரையில் கெசியாவின் அறையில் ஏசி மாட்டினோம். குழாய் போக வெளிச்சுவரில் போட்ட ஓட்டையை மாட்டியவன் அடைக்காமலே போயிருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் கை நுழைகிற அளவு. சாரல் அடித்தால் தண்ணீர் நேராக உள்ளே.

“குளியலறைக் கசிவு என்னோடதுங்க, அதை இல்லீங்கல,” என்றார் நஞ்சப்பன். “ஆனா ஜன்னலுக்குக் கீழ ஊறுனது இதுலதானுங்க. ஓட்டை போடறப்ப ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா நானே நின்னு அடைச்சுக் குடுத்திருப்பேன்.”

“ஏசிக்காரன் பண்ணுன தப்புங்கண்ணா.”

“அவனைக் கூப்டது நீங்கதானுங்களே.”

குரலில் கோபமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. இரண்டையும் அவரே சேர்த்துச் சரிசெய்யச் சொன்னார். ஓட்டைக்கு ஆன செலவை நான் தருகிறேன் என்றேன். “ஒரு கரண்டி சிமெண்டு. அதுக்கென்ன அம்மிணி” என்றுவிட்டார்.

அவர் வரத் தாமதித்தார் என்பது உண்மை. அதை யாரும் மாற்ற முடியாது.

அக்டோபர் 25, சனி

பகவதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள். சீலிங் ஓரிடத்தில் வயிறு மாதிரி தொங்குகிறது. ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. படத்தில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

கூப்பிட்டேன்.

“பூச்சு வேலைதானே பகவதி. அங்கன நல்ல கொத்தனாராப் பாத்து நீங்களே பூசிருங்க. சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் குடியிருக்கவங்க பாத்துக்கிடணும்னுதான் சட்டமே இருக்கு. வேணும்னா செலவ அப்புறம் வாடகையில கழிச்சுக்கிடுங்க.”

“சின்ன வேலையெல்லாம் நாங்கதானக்கா பாக்கோம். பின்னால வாறுகால்ல சாக்கடத் தண்ணி அடைச்சப்ப உங்கள்ட்ட சொன்னமா? மோட்டாரு சுவிட்சு மாத்தினமே, சொன்னமா? இது பூச்சு இல்லக்கா. உள்ள கம்பி தெரியுது. கொத்தனாரு வந்து பாத்துட்டு, வீட்டுக்காரங்க வராம நான் கை வைக்க மாட்டேன்னுட்டாரு.”

பார்க்கிறேன் என்றேன்.

ஐசக் வெளியூரிலிருந்து வந்திருந்தார், பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?” என்றார். லீவு எங்கே இருக்கிறது? கெசியாவுக்கு இரண்டு நாள் போய்விட்டது, குழாய் வேலைக்கு அரை நாள் போய்விட்டது. கொத்தனார்கள் இப்படித்தான், சின்ன வேலையென்றால் கை வைக்க மாட்டார்கள், பெரிசாக்கப் பார்ப்பார்கள்.

அவர் நகத்துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் குப்பையில் போட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

சுவர் காய்ந்துவிட்டது. நஞ்சப்பன் ஆள்விட்டு அந்த அறைக்கு இளம்பச்சை அடித்துக் கொடுத்திருக்கிறார். கெசியாவே நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். திரும்பவும் தன் அறையில் படுக்கிறாள். இந்த வாரம் இருமலே இல்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். துணிந்து கேட்டால் நடக்கிறது. பயந்துகொண்டு சும்மா இருந்தால் எதுவும் நடக்காது.

தொலைக்காட்சியில் தென்மாவட்டங்களில் கனமழை என்றார்கள். தாமிரபரணியில் தண்ணீர் நிறைந்து ஓடுவதைக் காட்டினார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

ரேஷன் கடை. கெசியாவுக்குப் புதுச் செருப்பு. பிரிட்ஜைத் துடைத்தேன்.

பகவதி இந்த இரண்டு வாரமாகக் கூப்பிடவே இல்லை. அங்கே ஏதாவது பூசி முடித்திருப்பார்கள்.

நவம்பர் 17, திங்கள்

வேலையில் இருக்கும்போது சுடலைமுத்து கூப்பிட்டார். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை, எப்போதும் பகவதிதான். அதனாலேயே எடுத்தேன்.

“மேடம், சுடலமுத்து பேசுதேன். நேத்து மத்தியானம் பெட்ரூமு சீலிங்கு இடிஞ்சு விழுந்துட்டு.”

எனக்குக் காதில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே நடந்துவந்தேன்.

“பிள்ள தூங்கிட்டு இருந்துச்சு. ஏதோ நெறிபடுத மாதிரி சத்தம் கேட்டுருக்கு. இவ ஓடிப்போய் பிள்ளைய இழுத்து வெளிய தள்ளிருக்கா. அதுக்குள்ள விழுந்துட்டு. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இவளுக்கு வலது கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. முழங்கையில தையல் போட்டுருக்கு. பெரியாஸ்பத்திரியில வச்சிருக்கோம்.”

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

“உங்களுக்குச் சொல்லணும்னு சொன்னா. அதான் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார்.

ஐசக்கிடம் சொல்லி இரவு ரயிலில் கிளம்புகிறேன். அவள் தைப்பது வலது கையால்.

நவம்பர் 18, செவ்வாய்

மருத்துவமனையில் பகவதி உட்கார்ந்திருந்தாள், கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாங்கிப்போன ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். உலகு தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். செலவையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“அது உலகு அப்பா பேசிக்கிடுவாங்கக்கா” என்றாள். பிறகு, “கட்டில நீங்க சொன்ன பக்கந்தாங்க்கா நகத்திப் போட்டோம்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“கீறல் இருந்தது வாசப்பக்கம். நீங்க சொன்னீயள்லா, அந்தப் பக்கமா போட்டுக்கிடுங்கன்னு. ஜன்னல் பக்கமா போட்டோம். வாசப்பக்கம் ஒண்ணும் ஆகல. இந்தப் பக்கந்தான் விழுந்துச்சு.”

சொல்லிக் காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். எங்கேதான் முகத்தை வைத்துக்கொள்வது?

பிறகு வீட்டுக்குப் போனேன். சுடலைமுத்து கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார். கட்டிலின் பாதிக்கு மேல் காங்கிரீட். தலைமாட்டில் ஒரு பாளம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். மேலே கம்பிகள் துருவேறி, எலும்பு மாதிரி தெரிந்தன. தலையணை அடியில் நசுங்கியிருந்தது. அதற்குமேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. பின்கட்டில் வாறுகால் கழுவிவிட்டாற்போல் ஓடியது. ஜன்னல் கம்பிகளுக்குப் புதிதாக பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். என்னிடம் சொன்னதுமில்லை, கேட்டதுமில்லை.

நவம்பர் 19, புதன்

ஐசக்குக்குத் தெரிந்த இன்ஜினியர் வந்து பார்த்தார். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி, தளத்தில் பதித்த தட்டோடு வெடித்து, வருஷக்கணக்காக உள்ளே இறங்கியிருக்கிறது என்றார். மழைத்தண்ணீர் வெளியேறுகிற துவாரத்தில் பக்கத்து வீட்டு வேப்பஞ்சருகு அடைத்துக் கிடந்ததாம்.

எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. உடனே சுடலைமுத்துவிடம் சொன்னேன். “சருகு அள்ளுறது குடியிருக்கவங்க வேலதானே? மாடியக் கூட்டிருந்தா இது வந்துருக்காதுல்லா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“மாடிக் கதவுச் சாவி உங்கள்ட்டல்லா மேடம் இருக்கு? உங்க அப்பாவோட சாமான்லாம் மாடி ரூமுல கெடக்குன்னு பூட்டிட்டுப் போனீங்க. ரெண்டு தடவ கேட்டோம். கொரியர்ல அனுப்புதேன்னீங்க.”

இன்ஜினியர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

சாவி என் கைப்பையில்தான் இருந்தது. இன்று காலையில் அதைக்கொண்டுதான் இன்ஜினியரை மாடிக்கு அனுப்பினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பகவதியைத் தச்சநல்லூரில் சுடலைமுத்துவின் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். சாமான்களும் போய்விட்டன. நான் இங்கேயே முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறேன். அலுவலகத்தில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டேன். ஐசக் கெசியாவைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு பேரும் முட்டை மட்டுமே சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 26, புதன்

வேலை தொடங்கிவிட்டது. மேலே பழைய தட்டோடுகளையெல்லாம் பெயர்த்து எடுக்கிறார்கள். உள்ளே முட்டுக் கொடுத்துத் தட்டித் தட்டி உதிர்க்கிறார்கள். தெருவெல்லாம் புழுதி. பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போட முடியவில்லை என்றார், மன்னிப்புக் கேட்டேன்.

மதியம் நஞ்சப்பன் கூப்பிட்டார். கெசியா நன்றாக இருக்கிறாள், நேற்று அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் கொடுத்தனுப்பினார்களாம்.

“என்னுங் அம்மிணி, ஊருக்குப் போயி இத்தன நாளாச்சு? ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?”

“இல்லைங்கண்ணா. இங்க வீட்ல ரூஃபு வேல நடக்குது.”

“உங்களுக்கு அங்க வீடு இருக்குதுங்களா? தெரியாதே. சும்மா பூட்டிக் கெடக்குதுங்களா?”

“குடி வச்சிருக்கோம்.”

 

“அப்படீங்களா” என்றார். அவ்வளவுதான். பிறகு தண்ணீர் மோட்டார் பற்றி ஏதோ பேசினார்.

அந்த மாடிப்படியில் நின்று நான் கத்தியதெல்லாம் அவருக்கும் நினைவு வந்திருக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சிலிருந்து நேராகத் தச்சநல்லூர் போனேன். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். பகவதியின் தையல் மெஷின் மீது பள்ளிப் பைகளும் துவைத்த துணிகளும் கிடந்தன. கார்த்திகைக்குத் தைக்க வந்த ரவிக்கைகளை எல்லாம் வேறொருத்திக்குக் கைமாற்றிவிட்டாளாம்.

வேலை முடிந்ததும் வந்துவிடுங்கள் என்றேன். ஆறு மாசத்துக்கு வாடகை வேண்டாம் என்றேன்.

“வாடகை வேற பேச்சுக்கா. குடியிருந்தா குடுக்கணும்” என்றாள். “பிள்ள இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் மேலயே பாக்குது. நேத்து டீச்சரு சொன்னாங்க, கிளாசுல எழுதாம சீலிங்கையே பாத்துட்டு இருக்காளாம்.”

உலகு என் மடியில் உட்காரவில்லை. கொண்டுபோன கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது பகவதியிடம் சொல்ல நினைத்தது ஒன்றையும் சொல்லவில்லை என்று தோன்றியது. சொன்னதெல்லாம் வாடகை, வேலை, சிமெண்டு.

டிசம்பர் 13, சனி

பெட்ரூம் முடிந்தது. மேலே புதுத் தட்டோடு பதித்தாகிவிட்டது. தண்ணீர் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டும் இறங்கவில்லை. நானே ஏறிப்போய்ப் பார்த்தேன். முழங்கால் வலிக்கிறது.

டிசம்பர் 20, சனி

காலையில் பகவதி தனியாக வந்தாள். கட்டு பிரித்துவிட்டார்கள், கை மெலிந்து தோல் உரிந்துகிடந்தது. விரல்களை மடக்க முடிகிறது, கத்தரி பிடிக்க இன்னும் கொஞ்ச நாளாகுமாம்.

வந்தவள் உட்காரவில்லை. மூலையிலிருந்த ஒட்டடைக்கம்பை இடது கையால் எடுத்துப் பெட்ரூம் சீலிங்கை அங்கங்கே தட்டிப் பார்த்தாள். காதை மேலே வைத்துக்கொண்டே நகர்ந்தாள். பிறகு முன்னறை. பிறகு அடுப்படி. அடுப்படியில் அடுப்புக்கு மேலே ஓரிடத்தில் தட்டியதும் நின்றாள். மறுபடி தட்டினாள். எனக்கும் கேட்டது. டொக்கென்று பொந்துச் சத்தம், உள்ளே பூச்சு விட்டிருக்கிற மாதிரி.

“இதப் பாத்தியளாக்கா?”

இன்ஜினியர் அடுப்படியைப் பார்த்தாரா என்று யோசித்தேன். அப்போதைக்கு ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும், நான் சரி என்றதும் நினைவுக்கு வந்தது. கொத்தனாருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை அடுப்படிக்கும் வரச் சொன்னேன். பகவதி அதைக் கேட்டபடி நின்றாள்.

“மாடிச் சாவி ஒண்ணு இனிமே உங்கள்ட்ட இருக்கட்டும்” என்று எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் சாமான்களைப் போன வாரமே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “சருகு அள்ளுறது, டேங்கு கழுவுறது நாங்க பாத்துக்கிடுதோம். அது எங்க வேல.”

“அப்ப வாரீங்களா?”

அவள் பெட்ரூம் வாசலில் போய் நின்றாள். நிலையில் சாய்ந்துகொண்டு மேலே பார்த்தாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது.”

“கேளு.”

“மழ நாளாப் பாத்து ஒரு ராத்திரி நீங்க இந்த ரூமுல படுங்க. உங்க பிள்ளையோட. அப்புறம் நாங்க வாரோம்.”

கெசியா எதற்கு, நான் படுத்தால் போதாதா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கு இளைப்பு, புதுச் சிமெண்டு வாடை ஆகாது, அரையாண்டுப் பரீட்சை முடிந்து களைத்திருப்பாள் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. பகவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் முகத்தில் என்னென்ன ஓடியதோ, அவ்வளவையும் அவள் பார்த்திருப்பாள்.

சரி என்றேன்.

சாயங்காலம் ஐசக்கிடம் போனில் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “கேட்டதுல என்ன தப்பு?” என்றார். “கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட கூட்டிட்டு வாரேன்.”

டிசம்பர் 26, வெள்ளி

அடுப்படி சீலிங் முடிந்தது. ஐசக்கும் கெசியாவும் வந்துவிட்டார்கள். கெசியா பெட்ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுலயா விழுந்துச்சு?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சாவி விஷயம், போன் எடுக்காதது, எல்லாம். அவள் கேட்டது ஒன்றுதான்: “உலகுக்கு என்ன வயசும்மா?”

மழை மேகமாக இருக்கிறது. வானிலை அறிக்கையில் நாளை கனமழை.

டிசம்பர் 28, ஞாயிறு

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் பிடித்த மழை விடியும்வரைக்கும் விடவில்லை. பகவதிக்குப் போனில் சொல்லிவிட்டு நானும் கெசியாவும் பெட்ரூமில் பாய் போட்டுப் படுத்தோம். ஐசக் முன்னறையில். கெசியா படுத்த சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது.

விடியற்காலையில் எழுந்து சீலிங்கை மூலைமூலையாகத் தடவிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையால். எங்கேயும் ஈரமில்லை. மண் உதிரவில்லை.

காபி போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ சத்தம். சுடலைமுத்துவும் பகவதியும் உலகுவும். பின்னால் சரக்கு ஆட்டோ ஒன்றில் மெஷினும் பீரோவும் பாத்திரங்களும் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தன. ஆனால் கயிற்றை அவிழ்க்காமல் சுடலைமுத்து ஓட்டுநரிடம் நிற்கச் சொன்னார். பகவதி மட்டும் உள்ளே வந்தாள். பெட்ரூம் வாசலில் நின்று பார்த்தாள். கெசியா இன்னும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

“பிள்ள நல்லாத் தூங்குச்சா?”

“தூங்குனா. மழச் சத்தமே கேக்கலைன்னா பாத்துக்கோ.”

“நீங்க?”

நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல நினைத்தேன். அதைக் கேட்கத்தான் அவள் வந்திருக்கிறாள், சாமானும் வாசலில் நிற்கிறது என்று தோன்றியது.

“இல்ல பகவதி” என்றேன். “ஒரு பொட்டுக்கூடக் கண்ண மூடல. ராத்திரி பூரா மேலயேதான் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் தலையாட்டினாள். என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பி, “ஏங்க, கயித்த அவுருங்க,” என்றாள். “மெஷின மொதல்ல எறக்குங்க.”